ஜெர்மன் வண்டியும் சறுக்குக் கட்டையும்

ஊரார் கண்ணால் பார்த்திராத பொருளை விற்கப் போகிறவன் பாதி நேரம் கதை சொல்ல வேண்டும். மீதி நேரம், அந்தக் கதையிலிருந்து கிளம்புகிற கேள்விகளுக்கு விழிக்க வேண்டும். தையல் மிஷின் விற்றவர்கள், ஆயுள் இன்ஷூரன்ஸ் எழுதச் சொல்லி வாசல் வாசலாகப் போனவர்கள், மூக்குக் கண்ணாடிப் பெட்டியோடு திரிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

குழந்தைகளுக்குக் கதையும் புதிரும் எழுத வருவதற்கு வெகு காலம் முன்பு, இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷங்களே ஆகியிருந்தபோது, ராஜபாளையத்தில் ஒரு மோட்டார் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். தோல் வியாபாரி மீரான் ராவுத்தர்தான் முதலாளி. மதராஸிலிருந்த பெரிய வெள்ளைக்கார ஏஜெண்டு ஒருவர் அவரிடம் ஒரே ஒரு ஜெர்மன் மோட்டாரை ஒப்படைத்திருந்தார். ஆடி மாதம் முடிவதற்குள் அதை விற்றால் இந்தப் பக்கத்து ஏஜென்சி ராவுத்தருக்கு. விற்காவிட்டால் வண்டி தூத்துக்குடிக்குத் திரும்பிவிடும். திரும்பினால் வண்டி ஓட்டுகிற அந்தோணிக்கும் எனக்கும் வேலை இல்லை. அந்தோணி தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் இயந்திரம் பழகியவர், அங்கே போனால் ஏதாவது கிடைக்கும். நான் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தாகிவிட்டது.

இங்கிலீஷில் வந்த கம்பெனிப் புத்தகங்களைப் படித்து, கம்பெனியின் சரித்திரத்தையும் நல்ல பெயரையும் ஊராருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. கம்பெனியின் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எல்லாரும் 'ஜெர்மன் வண்டி' என்றே சொன்னோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

மாடு இழுத்து வந்தது

எங்கள் பக்கம் அப்போது ரயில் கிடையாது. கப்பலிலிருந்து தூத்துக்குடியில் இறங்கிய மோட்டார், ரயிலில் விருதுபட்டி வரை வந்தது. அங்கிருந்து ராவுத்தரின் வண்டிக்காரர் சுடலை, தோல் ஏற்றுகிற மாட்டு வண்டிகள் இரண்டில் அதைக் கொண்டுவந்தார். சக்கரம் தனியே, மேல்பெட்டி தனியே, இயந்திரம் தனியே, எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மாடில்லாமல் ஓடுகிற வண்டி வரப் போகிறது என்று நான் ஒரு வாரமாகக் கடைத்தெருவில் சொல்லி வைத்திருந்ததால் நல்ல கூட்டம். கூட்டம் பார்த்தது நாலு மாடுகளையும் வைக்கோலையும்தான்.

நான் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, இவை பாகங்கள் என்றும், ஒன்று சேர்த்து முடுக்கிவிட்டால் தானாக ஓடும் என்றும் விளக்கினேன். முன்னால் நின்ற கருவாட்டுக்காரி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்: "நாலு மாடு இழுத்தே வர ரெண்டு நாளாச்சு. மாட்டையும் அவுத்து விட்டுட்டா இது எப்ப மதுரை போய்ச் சேரும்?"

இரண்டு பேர், இரண்டு பேரும் முதல்

மதராஸிலிருந்து வந்த கட்டுக்குள் இரண்டு புத்தகங்கள் இருந்தன. கம்பெனியை ஆரம்பித்தவர் மூன்று சக்கர வண்டியில் இயந்திரத்தைப் பொருத்தி, உலகத்தின் முதல் மோட்டாரைச் செய்தார் என்றது ஒன்று. கம்பெனியை ஆரம்பித்தவர் தோட்டத்துக் கொட்டகையில் ரகசியமாக வேலை செய்து, குதிரை வண்டியில் இயந்திரத்தைப் பொருத்தி, உலகத்தின் முதல் மோட்டாரைச் செய்தார் என்றது மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். இரண்டு ஊருக்கும் நடுவே அதிக தூரமும் இல்லை. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லையாம். நாலு நாள் யோசித்தேன். வந்த கட்டு ஒன்று, தேசம் ஒன்று, அனுப்பிய ஏஜெண்டு ஒருவர். ஆகவே கம்பெனியும் ஒன்று, முதலாளிகள் இரண்டு பேர் என்று முடிவு செய்தேன். ராவுத்தரும் அதுதான் சரி என்றார்.

இதை முதலில் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் சொன்னேன். தம்பியோடு பாகப்பிரிவினை வழக்கில் இருந்தவர் அவர். இரண்டு முதலாளிகளும் சந்தித்ததே இல்லை என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்: "ஒரே கம்பெனியில ரெண்டு பேரு, முகம் பாத்துக்கிட்டதே இல்லையா? நானும் எந்தம்பியும்கூட கோர்ட்டுல பாத்துக்கிடுதோமே வாத்தியாரே."

கொட்டகைக்கு வந்த போலீஸ்

தோட்டத்துக் கொட்டகையில் ராத்திரி பகலாகச் சுத்தியல் சத்தம் கேட்டதால், உள்ளே கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, போலீஸ் வந்து சோதனை போட்டதாக ஒரு கதை உண்டு. வெறும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம். கம்பெனியின் விடாமுயற்சிக்கு அடையாளமாக நான் இதைச் சொல்லி வந்தேன். ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் ஏட்டையா ஒருவர் கடைசி வரை நின்று கேட்டார். பாராட்டுவார் என்று நினைத்தேன். "அவன் நாணயம் இல்லன்னு திரும்பிப் போயிட்டான். நான் போயிருந்தா, இருக்கிற சாமானை எடுத்து ஸ்டேஷன்ல வச்சிருப்பேன்; இன்னைக்கு உமக்கு இந்த வேலையே இருந்திருக்காது" என்றார்.

முதலாளியின் சம்சாரம்

வாங்கக்கூடிய ஆள் என்று எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். ராஜபாளையத்தில் பருத்தி அரவை ஆலை வைத்திருந்த சுப்பராஜா. நல்ல மனிதர், எதற்கும் 'பார்க்கலாம்' என்பார். அவர் வீட்டு முன்கட்டில் நான் கதை சொல்ல, கதவுக்குப் பின்னால் அவர் மனைவி சுப்பம்மா உட்கார்ந்து கேட்டார். அந்த வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னே வருவதில்லை. கேள்வி மட்டும் வரும்.

அன்று நான் சொன்னது மூன்று சக்கர வண்டி செய்தவரின் மனைவியைப் பற்றி. வண்டியை வாங்க ஆளில்லாமல் கணவர் மனம் தளர்ந்திருந்த சமயம், அந்த அம்மாள் அவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் தன் தாய் வீட்டுக்கு மோட்டாரில் புறப்பட்டார். இங்கிருந்து மதுரையையும் தாண்டிப் போகிற தூரம். வழியில் எண்ணெய் தீர்ந்ததும் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்ததும் தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடித்துக்கொண்டார். போய்ச் சேர்ந்தபின் கணவருக்குத் தந்தி கொடுத்தார். அதற்குப் பிறகுதான் வண்டியின் பெயர் வெளியே பரவியது.

சுப்பராஜாவின் முகம் கொஞ்சம் வாடியது. சுப்பம்மாவின் தாய் வீடு சோழபுரத்தில். கதவுக்குப் பின்னாலிருந்து தெலுங்கு கலந்த குரல் வந்தது: "ஏமண்டி, அந்தம்மா போனது கெடக்கட்டும். திரும்பி வர்றதுக்கு யாரு கூப்பிடப் போனாங்கன்னு கேளுங்க."

மருந்துக் கடையில் கேட்டது

இந்தக் கதையைத் தினமும் கேட்டதில் ராவுத்தருக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாள் பெட்ரோல் டின் காலியானபோது, தூத்துக்குடிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று அந்தோணி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட வந்த சுடலையை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் பெரிய வைத்தியரும்கூட. நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். சுடலை உள்ளதைச் சொன்னார்: உடம்பு சுடுகிறது, விடாமல் இருமல், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

சுடலை ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார். ராவுத்தர் அதை முகர்ந்து பார்த்து என்னிடம் கொடுத்தார். சுக்கும் திப்பிலியும் வாசனை அடித்தன. வைத்தியர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சுடலை ஒப்பித்தார்: "வெந்நியில கலக்கி மூணு வேளை குடுக்கணுமாம். புளி சேக்கக் கூடாதாம். பயப்பட ஒண்ணுமில்லையாம், வயசானா எல்லாருக்கும் வாரதுதானாம்."

பெண்ணின் பெயர்

இரண்டாவது புத்தகத்தில் எனக்கே ஆச்சரியமான விஷயம் ஒன்று இருந்தது. கம்பெனியின் புது வண்டிக்கு வைத்த பெயர் ஒரு சின்னப் பெண்ணின் பெயர். முதலாளியின் பெண்ணும் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் வண்டிகளை விற்றுக் கொடுத்த ஒருவரின் பெண். இதைச் சொன்னால் எந்தக் கூட்டமும் வாய் பிளக்கும் என்று நம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் வைத்துச் சொன்னேன். யாரும் வாய் பிளக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒருவேளை சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். கோயிலுக்குப் பூக் கட்டுகிறவர் ஒருவர், எதிரே நின்ற ஆண்டாள் தேரைக் காட்டி, என் குழப்பத்தைத் தீர்க்கிற மாதிரிப் பொறுமையாகக் கேட்டார்: "வண்டி பெருசா இருந்தா பொண்ணு பேருலதான இருக்கும்? இதுல நீங்க எதை அதிசயம்னு சொல்லுதீய?"

ராவுத்தர் வீட்டில்

அந்த விஷயம் வாய் பிளக்க வைத்தது ராவுத்தரை மட்டும்தான். வண்டி விற்கிற ஏஜெண்டு ஒருவரின் மகள் பெயரை வைக்கலாம் என்றால், தாமும் ஏஜெண்டுதானே, தமக்கும் மகள் இருக்கிறாளே என்று அவருக்குத் தோன்றியது. முதல் வண்டி விற்றதும் ஜைனம்பு என்ற பெயரைக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்ய வேண்டும் என்று என்னிடம் சொல்லி வைத்தார். இன்னும் ஒரு வண்டிகூட விற்கவில்லை என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. சாயங்காலம் வீட்டில் மகளிடமே சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் கடைக்கு வந்தவர், அவள் பதிலை எனக்குச் சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்: "'வேண்டாம் அத்தா. நடுரோட்டுல நின்னு போச்சுன்னா, ஜைனம்பு நின்னு போச்சு, ஜைனம்பைத் தள்ளுங்கன்னு ஊரே சொல்லும்'ங்கிறா."

வெள்ளை நாய்

ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது. ராவுத்தர் தேதியைப் பற்றிப் பேசுவதில்லை. காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். சுப்பராஜா அப்போதும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனியின் நல்ல பெயரில் எஞ்சியிருந்த பெரிய சங்கதியை எடுத்தேன். பிரான்ஸில் நடந்த மோட்டார் பந்தயங்களில் ஜெர்மன் வண்டி எல்லாரையும் தோற்கடித்தது என்பது அது. அவர் கேட்டுவிட்டு, தம் வீட்டு வேட்டை நாயைக் கட்டவிழ்த்துவிட்டார். எங்கள் ஊர் நாய்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உடம்பு முழுதும் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம், கால்கள் நீளம்.

சோழபுரம் ரோட்டில் அந்தோணி வண்டியை விரட்டினார். நான் பின்சீட்டில் சுப்பராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தயக் கதையைச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுச் சொன்னேன். நாய் முன்னே ஓடி மறைந்தது. பிறகு எதிரே வந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடியது. எங்கள் வண்டி ஏன் இப்படி என்று எனக்கும் புரியவில்லை. சுப்பராஜா என் முழங்காலைத் தட்டினார்: "வாத்தியாரே, நாய் ரெண்டு தடவ ஊருக்குப் போய் வந்துருச்சு. நீங்க பிரான்ஸையே இன்னும் தாண்டல."

ஜெர்மன் பாதிரியார்

மதுரைப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பாதிரியார் எங்கள் கடை வாசலில் மாட்டு வண்டியை நிறுத்தினார். பிறந்தது ஜெர்மனி. தமிழ் பேசினால் வேதாகமம் வாசிப்பது போல இருக்கும். தம் தேசத்து மோட்டாரை இவ்வளவு தூரத்தில் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம். என்னைச் சரித்திரம் சொல்லச் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். நான் இரண்டு முதலாளிகள், கொட்டகை, தாய் வீடு, சின்னப் பெண்ணின் பெயர், பந்தயம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தவர் வண்டியைச் சுற்றி வந்து, முன்னாலிருந்த பித்தளைத் தகட்டை வாசித்தார். நான் சொன்னவை இரண்டு கம்பெனிகள் என்றார். வேறு வேறு ஊர். ஒன்றுக்கொன்று போட்டி. எங்களிடம் இருப்பது தாய் வீட்டுக்குப் போன அம்மாளின் கம்பெனி வண்டி. பெண்ணின் பெயரும் நான் சொன்ன பந்தயமும் மற்றக் கம்பெனியைச் சேர்ந்தவை. ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் தகட்டைப் பார்த்தேன். பாதிரியார் என் தோளில் கை வைத்தார்: "தம்பி, நீர் உரைத்ததெல்லாம் மெய்தான். ஆனால் இரண்டு பேருடைய ஜாதகத்தை ஒருவருக்கு எழுதிவிட்டீர்."

எது நம்ம வண்டி?

சுப்பராஜாவிடம் இதைச் சொல்லாமல் விட முடியாது. பந்தயத்தில் ஜெயித்த வண்டி என்று நினைத்து அவர் வாங்கக் கூடாது. சொன்னால் வாங்கவே மாட்டார் என்றுதான் ராவுத்தரும் நானும் நினைத்தோம். ஆனாலும் இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். அவர் குழம்பிப் போனார். அப்படியானால் ஜெயித்தது யார் வண்டி என்று கேட்டார். மற்றவர்கள் வண்டி என்றேன். அதை யார் விற்கிறார்கள் என்றார். மதராஸில் அதே ஏஜெண்டுதான் என்றேன். அப்படியென்றால் நீங்கள் யாருடைய ஆள் என்றார். எனக்கும் அந்த நிமிஷம் சரியாகத் தெரியவில்லை.

ராவுத்தர் எழுந்திருக்கப் போனார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சுப்பம்மாவின் குரல், அவசரமில்லாமல் வந்தது: "பந்தயத்துக்குத்தான் வீட்டுல நாய் கெடக்கே. அம்மா வீட்டுக்குப் போன வண்டி எதுவோ, அதை ஓட்டிப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

வண்டி மை

ஆடியில் புதுச் சாமான் வீட்டுக்குள் வராது என்பது மதராஸ் ஏஜெண்டுக்குத் தெரியாது. ஆடிப்பூரம் ஒன்றுதான் அந்த மாதத்தில் தமக்கு ஒத்துவரும் நாள் என்றார் சுப்பராஜா. முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ப் பார்ப்பது, மனதுக்குப் பிடித்தால் ஆடிப்பூரத்தன்று எடுத்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் அத்தோடு சரி என்று பேச்சு. போய்ப் பார்க்கிற நாளுக்கு முந்தின ராத்திரி ராவுத்தர் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

விடிகாலையில் வந்து பார்த்தால் வண்டி பளபளவென்று இருந்தது. சுடலைதான் துடைத்திருந்தார். தோல் வண்டி ஓட்டுகிற மனிதர். கடைத்தெருவில் கிரீச்சிட்டுக்கொண்டு போகிற வண்டி அவருக்கு மானக்கேடு. மோட்டார் நிற்கும்போது ஒரு கிரீச்சுச் சத்தம் வரும். அதுவும் அவருக்கு வெகு நாளாக உறுத்தியிருக்கிறது. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மையை, மாட்டு வண்டி அச்சுக்குப் போடுவது போல, உரசுகிற இடமெல்லாம் தாராளமாகப் பூசிவிட்டிருந்தார். ராவுத்தருக்குப் பரம திருப்தி. கையைக் கந்தையில் துடைத்தபடி சுடலை சொன்னார்: "இனி நிறுத்துறப்ப சத்தமே வராது முதலாளி."

தேரடி இறக்கம்

சமதரையில் வேகக் கைப்பிடியைத் தளர்த்தினாலே அந்த வண்டி மெல்ல நின்றுவிடும். ஆகவே ஏழு மைல் வரை ஒன்றும் தெரியவில்லை. அந்தோணி முன்னால் இருந்தார். பின்னால் நானும் சுப்பராஜாவும். ராவுத்தர் குதிரை வண்டியில் தொடர்ந்து வந்தார். சுப்பராஜாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுநாள் தேரோட்டம். ரத வீதியில் பந்தல், தோரணம்; தேர் இழுக்கிற வடக் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. தேரடிக்குப் போகிற இறக்கத்தில் வண்டி திரும்பியபோது, அந்த அம்மாள் பிரேக் கட்டைக்குத் தோல் அடிக்கச் சொன்ன இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தோணி பிரேக்கை இழுத்தார். சத்தம் வரவில்லை. வண்டியும் நிற்கவில்லை. எங்கள் பிரேக் கட்டைத் தோல் முழுதும் மை. சக்கரம் அதன்மேல் வெண்ணெயில் போவது போலச் சுழன்றது. அவர் மறுபடி இழுத்தார், எழுந்து நின்று இழுத்தார், பிறகு "ஏலே, விலகுங்கலே" என்று கத்தினார். ஜனங்கள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். வடத்தின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவர்கள் இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் பார்த்தது முன்னால் மாடில்லாத வண்டியை. மாடு இல்லையென்றால் அது நிற்கிற வண்டி என்று நினைத்திருக்க வேண்டும். சுப்பராஜாவின் கை என் தோளை இறுக்கியது.

தேர் போகிற வேகத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் சக்கரத்தின் அடியில் ஆப்பு மாதிரி வெட்டிய ஒரு மரத்துண்டைப் போடுவார்கள். சறுக்குக் கட்டை என்று பெயர். அதைப் போடுகிற மாடசாமி, மறுநாளைக்கான கட்டைகளை வீதியோரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். வண்டி அவரைத் தாண்டும்போது, இருப்பதில் சின்னதாக ஒன்றை எடுத்து, குனிந்து, முன்சக்கரத்தின் அடியில் சாய்வாகத் தள்ளினார். வண்டி ஒரு பக்கம் ஏறி, முனகி, வடக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. கிழவர்களில் ஒருவர் அப்போதுதான் எச்சிலைத் துப்பிவிட்டுத் திரும்பினார். ஓடியவர்களைப் பார்த்து மாடசாமி சத்தம் போட்டார்: "ஆயிரம் பேரு இழுக்கிற தேரே என் கட்டைக்கு நிக்குது. இதை ஒருத்தனும் இழுக்கல. இதுக்குப் போயி ஓடுதீய."

ஆடிப்பூரத்தன்று

திரும்பி வரும்போது சுப்பராஜா ராவுத்தரின் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார். ஏஜென்சி முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ராவுத்தரோடு வந்திருந்த சுடலை ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார். சத்தம் வந்தால் கெட்ட வண்டி, சத்தம் வராவிட்டாலும் கெட்ட வண்டி என்றால் தம்மால் எதைத்தான் செய்ய முடியும் என்று கேட்டார். ராவுத்தர் கோபிக்கவில்லை. ராத்திரியே கிடங்கைத் திறந்து, பதப்படுத்திய எருமைத் தோலில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, பிரேக் கட்டைக்குப் புதிதாக அடிக்கச் சொன்னார். விற்காவிட்டாலும் திருப்பி அனுப்புகிற வண்டி ஒழுங்காகப் போக வேண்டும் என்றார்.

காலையில் சுப்பராஜா வீட்டிலிருந்து ஆள் வந்தது. நாங்கள் போனபோது முன்கட்டில் மாடசாமி உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். தேருக்குப் போக வேண்டும், சீக்கிரம் பேசி முடியுங்கள் என்றார். சுப்பராஜா வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் தேரோட்டம் இல்லாத நாளெல்லாம் மாடசாமி தம் கட்டையோடு பின்சீட்டில் இருக்க வேண்டும். அதற்குச் சம்பளம் தாம் தருவதாகவும், நாளைக்கே வீட்டில் சோழபுரம் போகவேண்டும் என்கிறார்கள், நிறுத்துவதற்கு நம்பிக்கையான ஆள் இல்லாமல் எப்படி அனுப்புவது என்றும் சொன்னார். ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

கம்பெனியின் சரித்திரத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. வழக்கப்படி ஆரம்பித்தேன். கதவு ஒரு விரற்கடை திறந்தது. சுப்பம்மாவின் குரல் இந்தத் தடவை கணவரிடம் பேசவில்லை, நேராக எங்களிடமே பேசியது: "வாத்தியாரே, கதையை அப்புறம் சொல்லலாம். வண்டியை நிறுத்த அந்த அண்ணன் இருக்காரு. கெளப்புறதுக்கு நான் இருக்கேன்."

ராவுத்தருக்கு ஏஜென்சி நிலைத்தது. எனக்கும் அந்தோணிக்கும் வேலை நிலைத்தது. சுப்பம்மா சோழபுரம் போனார், திரும்பியும் வந்தார். கூப்பிட யாரும் போகவில்லை. பாதிரியார் திருத்தியபடி இரண்டு கம்பெனிகளையும் தனித்தனியாகவே அதற்குப் பிறகு சொல்லி வந்தேன். கேட்கிறவர்களுக்கு அது இன்னும் பெரிய குழப்பமாக இருந்தது. பல வருஷம் கழித்துப் பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தேன்: ஜெர்மனியில் அந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, இனிமேல் மூன்று சக்கர வண்டிக்காரரின் பெயரும் அந்தச் சின்னப் பெண்ணின் பெயரும் ஒரே வண்டியில் இருக்கும்.

ஆகவே ராஜபாளையத்தில் நான் முதலில் சொன்ன சரித்திரம் சரியானதுதான். கம்பெனிக்காரர்கள்தான் அதற்கு வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.